ரேணுகாக்கா கேட்ட விமானம்

எனக்குச் சாமியாடுகிறவர்களைக் கண்டாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்த்திபனும் கையில் மஞ்சள் காப்பு கட்டிக்கொள்ளக் கிளம்பிவிட்டான் என்று அப்புறம் யாரும் பேச வேண்டாம். ஆரணியில் பட்டுச்சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது என் பிழைப்பு. மிச்ச நேரத்தில் பிளாஸ்டிக் விமான மாடல் செய்வேன். நாற்பத்தொரு வயசில் பொம்மை ஒட்டுகிறாயே என்று என் மனைவி கேட்காத நாள் இல்லை, அது பொம்மை இல்லை என்று நான் கத்தாத நாளும் இல்லை. நிஜ விமானத்தை எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் எப்படி இருக்குமோ அப்படியே இருக்க வேண்டும். அதில் தப்பு நடந்தால் எனக்குச் சோறு இறங்காது.

போன ஆடியில் எங்கள் தெரு ரேணுகாதேவி அக்கா என் வீட்டுக்கு வந்து, அலமாரியில் இருந்த விமானங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இதுல என் தம்பி ஓட்டினது எது?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். "அப்ப ஒண்ணு செஞ்சி குடு" என்றார்.

ஆரணியை ஒட்டிய எங்கள் சேவூரில் அக்காவைத் தெரியாத தறிவீடு கிடையாது. ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையைச் சாம்பல் தொட்டு விரலால் திரித்துச் சேர்க்க வேண்டும். நாலாயிரம் இழைக்கு மேல் இருக்கும். அதுதான் அக்காவின் வேலை. திட்டிக்கொண்டே திரிப்பார். தறிக்காரரை, மின்வெட்டை, வெயிலை, போளூருக்கு டெம்போ ஓட்டுகிற தன் புருஷனை என்று யாரையும் விடமாட்டார். வாய் அத்தனை பேசும்போதும் விரல் ஓர் இழையைக் கூடத் தவறவிடாது.

கூலி வேலைக்குப் போன குடும்பம் அவர்களுடையது. அப்பா அம்மா போனபோது அக்காவுக்குப் பதினேழு, தம்பி தென்னரசுக்குப் பத்து. அவனைப் படிக்க வைத்தது இந்த விரல்கள்தான். அவன் விமானப் படைக்குத் தேர்வானபோது தெருவே பட்டாசு வெடித்ததாம். பயிற்சிக்கு நடுவில் ஒருமுறை லீவில் வந்தவன், "மனசு ஒரு மாதிரியா கீதுக்கா, இன்னும் ஒரு வாரம் இருந்துட்டுப் போறேனே" என்று கேட்டான். அக்கா விடவில்லை. "சர்க்கார் சம்பளம் கசக்குதா உனக்கு? எழுந்து போடா" என்று திட்டி, வேலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார். ஒன்பதாம் நாள் தகவல் வந்தது, பயிற்சி ஜெட் விழுந்துவிட்டது என்று. வந்த பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். அது நடந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

இப்போது அக்காவின் மகள் கலைமகளுக்குக் கல்யாணம். அவன் போன மறுவருஷம் பிறந்தவள். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால், வீட்டில் சின்ன வயசில் போனவர்களைப் பம்பை மேளம் அடித்து அழைத்து, புதுத்துணியும் அவர்களுக்குப் பிடித்த பொருளும் வைத்துப் படைத்து, உத்தரவு கேட்பார்கள். வந்தவர் யார் மேலாவது இறங்கிப் பேசுவார் என்பது நம்பிக்கை.

"அவனுக்கு பீடி கிடையாது, சாராயம் கிடையாது. ஏரோப்ளேன் ஒண்ணுதான்" என்றார் அக்கா. "அவன் வந்தா உத்தரவு மட்டும் கேக்கப் போறதில்ல பார்த்தி. நான் தொரத்தி அனுப்பினனே, அதை மன்னிச்சானா இல்லையான்னு அவன் வாயால கேக்கணும். இத்தனை வருஷமா அதான் தொண்டையில நிக்குது." இப்படிக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தால் நான் என்ன சொல்ல முடியும்? சரி என்றேன்.

அந்த ஜெட்டில் மூன்று ரகம் உண்டு. மார்க் ஒன், மார்க் ஒன் ஏ, மார்க் டூ. கிட்டும் அப்படியே மூன்று பெட்டியாக விற்கிறார்கள். வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், தப்பாக வாங்கினால் திருப்பி அனுப்பக் கல்யாணத் தேதி இடம் கொடுக்காது. அக்கா வீட்டுக்குப் போய்ச் சுவரில் மாலை போட்டிருந்த போட்டோவைப் பார்த்தேன். தென்னரசு தன் விமானத்தின் றெக்கையோரம் நின்று சிரிக்கிறான். கடைசியாகப் போனதும் அதே விமானத்தில்தான் என்றார் அக்கா. மூக்கைப் பார்த்ததும் மார்க் டூ இல்லை என்று தெரிந்துவிட்டது. ஒன்னா, ஒன் ஏ-வா என்பதுதான் பேஜார். றெக்கைக்கு அடியில் டேங்க் மாட்டுகிற கொக்கி இருந்தால் ஒன் ஏ, சுத்தமாக இருந்தால் ஒன். செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். றெக்கைக்கு அடியில் கருப்பாக, கட்டையாக ஒன்று தொங்கியது.

"ஒன் ஏ" என்றேன்.

"நல்லாப் பார்த்தியா? அவன் ஏறினது எதுவோ அதுதான் வேணும்."

"பதினஞ்சு வருஷமா இதானக்கா பண்ணிகினு கீறேன்!" என்று எரிந்து விழுந்தேன். பெட்டி வந்தது. பன்னிரண்டு நாள் உட்கார்ந்து செய்தேன். சக்கரங்களை ஒட்டாமல் சக்கரக் கதவை மூடி, பறக்கிற மாதிரி ஒரு கம்பியில் நிறுத்தினேன். பறந்தால்தானே விமானம் அழகு.

ஆவணி ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். கூடத்தில் இலை போட்டு, புதுப் பேன்ட் சட்டை வைத்து, நடுவில் என் விமானத்தை வைத்தார்கள். தேசூரிலிருந்து வந்திருந்த பம்பைக்காரர் சக்கரவர்த்தி அடிக்க ஆரம்பித்தார். ஏதாவது உடைந்தால் ஒட்டலாம் என்று கிட் பெட்டியும் பெவிகுயிக்கும் பிளேடுமாக நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். கல்யாணப் பெண் கலைமகள் சுவரோரம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பி.காம் படித்தவள், அவளுக்கும் என்னைப் போலவே இதிலெல்லாம் பிடிப்பு இல்லை.

அவள் கையிலிருந்து செல்போன் விழுந்தது. முதுகு நிமிர்ந்தது. ஆடவில்லை, தலைமுடியை விரிக்கவில்லை. வலது கை மடிக்கு முன்னால் எதையோ பிடித்தது, இடது கை பக்கவாட்டில் எதையோ மெதுவாக முன்னால் தள்ளியது. காக்பிட்டில் வலது கைக்கு விமானத்தைத் திருப்புகிற ஸ்டிக், இடது கைக்கு வேகம் கூட்டுகிற த்ராட்டில். இந்தத் தெருவில் அது எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

"அக்கா" என்றாள், பெற்ற தாயைப் பார்த்து. குரல் அவளுடையதுதான். ஆனால் வயர்லெஸ்ஸில் பேசுகிற மாதிரி, ஏற்ற இறக்கமே இல்லாமல் வந்தது. "இது என் வண்டி இல்ல. றெக்கைக்கு அடியில இன்னா மாட்டிக்கீறீங்க?"

பம்பை நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, சத்தியமாக. எழுந்து போய்ப் போட்டோவைக் கழற்றி, கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்தேன். கருப்புக் கட்டை பொலபொலவென்று உதிர்ந்தது. சந்தனமும் குங்குமமும்! ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அக்கா தம்பிக்குப் பொட்டு வைக்கும்போது அவன் வண்டிக்கும் வைத்திருக்கிறார். இருபத்திரண்டு பொட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, எண்ணெய்ப் புகை பட்டுக் கருத்துப்போய் நின்றிருக்கிறது. அதற்கடியில் றெக்கை சுத்தமாக இருந்தது. மார்க் ஒன். சந்தனப் பொட்டைக் கொக்கி என்று படித்த முட்டாள் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

பிளேடால் கொக்கிகளைச் செதுக்கி எடுத்துவிட்டு, விமானத்தை மறுபடி இலையில் வைத்தேன்.

"இப்ப சரி" என்றது அந்தக் குரல்.

அக்கா அவள் முன்னால் மண்டியிட்டார். "தென்னரசு..." என்று ஆரம்பித்தார்.

"சக்கரம் எறங்கலக்கா."

கலைமகளின் உடம்பு மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்தபடியே தலை இடது தோளுக்குக் கீழே எதையோ தேடியது. பிறகு நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. "சுத்திகினே கீறேன். கீழ தரை தெரியுது. எறங்க முடியல." ஒவ்வொரு தடவை அவள் சாயும்போதும் குத்துவிளக்குச் சுடரும் இடப்பக்கம் சாய்ந்தது. மின்விசிறியைக் காலையிலேயே நிறுத்தியிருந்தார்கள். ஜன்னல் பக்கம் ஓர் இலை அசையவில்லை.

நான் சக்கரத்தை மூடி வைத்ததைச் சொல்கிறாள், அவ்வளவுதான் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"லெட்டர்ல அப்படித்தான் எழுதியிருந்தாங்க" என்றார் என்னிடம், மூச்சு வாங்கிக்கொண்டு. "சக்கரம் எறங்கல, மூணு ரவுண்டு சுத்தினான்னு. வேலூர்ல ஒரு வக்கீல் படிச்சிச் சொன்னாரு. படிச்ச கையோட அடுப்புல போட்டுட்டேன். இவ அப்பாவுக்குக் கூடச் சொன்னதில்ல."

அதன் பிறகு எனக்குச் சமாதானம் ஒன்றும் மிச்சமில்லை. கிட் பெட்டியில் மூன்று சக்கரமும் வெட்டி எடுக்காத பிளாஸ்டிக் சட்டத்தோடு இருந்தன. எடுத்தேன்.

சக்கரவர்த்தி குறுக்கே கை நீட்டினார். "இருங்க. எறக்கிட்டா அவரு போயிடுவாரும்மா. இதே மாதிரி நடுவுல நின்னுபோனவங்க, ஒருதபா எறங்கினா அப்பால கூப்பிட்டாலும் வர்றதில்ல. கேக்க வேண்டியது எதுனா இருந்தா மொதல்ல கேட்டுக்குங்க."

அக்கா மகளைப் பார்த்தார். அவள் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தாள். நெற்றி முழுக்க வியர்வை, உதடு காய்ந்திருந்தது, கண் இமைக்கவே இல்லை. அக்காவின் வாய் திறந்தது. மூடிக்கொண்டு, முந்தானையால் மகளின் நெற்றியைத் துடைத்தார். கேட்டுவிடுங்களேன் அக்கா என்று கத்தலாம் போல இருந்தது.

"புள்ள எறங்க முடியாம சுத்திகினு கீறான்" என்றார் கடைசியில். "அவனை நிக்க வச்சி நான் என் நியாயத்தைக் கேக்கவா? ஜல்தி ஒட்டு பார்த்தி."

பிளேடால் சக்கரக் கதவுகளை நெம்பித் திறந்தேன். பசை வைத்தேன். சக்கரங்களை நான் பிடிக்கவில்லை. அக்காதான் பிடித்தார். இழை பிடிக்கிற மாதிரி இரண்டு விரலால், ஒவ்வொன்றையும் பசை இறுகும் வரை. கம்பியை உருவி எறிந்துவிட்டு, விமானத்தை வாழை இலையின் காம்புப் பக்கம் வைத்து, நுனிப் பக்கமாக மெள்ள உருட்டினார். உருண்டு போய்ப் புதுச்சட்டையருகே நின்றது.

கலைமகளின் இடது கை பின்னால் வந்தது. வலது கை விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். அக்கா அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து காத்திருந்தார். ஒரு சொல், ஒரே ஒரு சொல் வரும் என்று நாங்களும் காத்திருந்தோம்.

"அம்மா, தண்ணி" என்றாள் கலைமகள்.

சக்கரவர்த்தி கற்பூரத்தை ஏற்றி, உத்தரவு ஆகிவிட்டது என்றார். நான் விமானத்தைத் தூக்கிப் பார்த்தேன். மூன்று சக்கரமும் சுட்டன. பசை இறுகும்போது சூடு வரும், எனக்குத் தெரியாததா?

அக்கா அழவில்லை. உள்ளே போய் இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். ஒன்றை மகளிடம் கொடுத்தார். இன்னொன்றை இலையில், விமானத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "ரொம்ப நேரம் சுத்திட்டு வந்துகீறான்" என்றார்.