ஹபீப் ரகுமான் பாஸ் போட்ட வண்டி

ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்யும் கம்பெனி ஒன்றில் முப்பத்தோரு வருஷமாகச் செக்கர் வேலை பார்ப்பவர் ஹபீப் ரகுமான். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். ஓர் இழை விட்டிருந்தாலும் ரிஜெக்ட். அதோடு விட்டாரா மனிதர்? சட்டைப் பொத்தான், சுவருக்கு அடித்த பெயிண்ட், கல்யாண வீட்டுப் பந்தல் எல்லாமே ரிஜெக்ட்தான். மனைவி சௌதா ஆக்கிப்போடுவதைத் தட்டு வழித்துச் சாப்பிட்டுவிட்டு, உப்பு ஒரு கல் தூக்கல் என்பார். நல்லாயிருக்கு என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோனால் பாஸ் என்று சௌதாவாகவே புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இப்பேர்ப்பட்டவர் கார் வாங்கக் கிளம்பினார். காரணம் மகள் ஹஃப்ஸா. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவள், தலைப்பிரசவம், ஏழாம் மாதம். மாப்பிள்ளை ஆபித் மஸ்கட்டில் இருக்கிறான். ஐந்தாம் மாதத்தில் ஆட்டோ ஒரு பள்ளத்தில் தூக்கிப்போட்டு, அவள் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்படி ஆயிற்று. அதிலிருந்து மாமனார் ஜெய்னுலாப்தீன், பிள்ளையை எங்கும் அசைக்கக் கூடாது, பிரசவம் இங்கேயே நடக்கட்டும் என்று சொல்லிவிட்டார். தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீடு வராவிட்டால் சௌதாவுக்கு மனசு ஆறுமா? ஆள் வராத அறையைத் தினமும் பெருக்கித் துடைத்து, முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். ஹபீப் ரகுமானுக்கும் அதே ஏக்கம்தான். சொல்லத்தான் தெரியவில்லை.

ஷோரூமில் அவரிடம் மாட்டியது செல்வலட்சுமி என்ற விற்பனைப் பெண். முதல் வண்டியின் கதவைப் பதினோரு தடவை மூடித் திறந்து, காதைக் கொடுத்துக் கேட்டு, தகரச் சத்தம் என்று தள்ளினார். இரண்டாவதில் சீட்டுத் தையல் ஓர் இடத்தில் கோணல். மூன்றாவது சாம்பல் நிறச் சின்னக் கார். சீட்டை முஷ்டியால் அமுக்கிப் பார்த்தார். மெல்ல உள்வாங்கி மெல்ல மேலே வந்தது. டேஷ்போர்டு இடுக்கில் நகம் நுழையவில்லை. பின்சீட்டில் முழங்கால் இடிக்கவில்லை, அங்கேயும் ஏசிக் காற்று வந்தது. இறங்கிவந்து பேசாமல் நின்றார். பிடிக்கலையா சார் என்று செல்வலட்சுமி பரிதாபமாகக் கேட்டாள்.

"கொறை இருந்தா சொல்லியிருப்பேனேம்மா," என்றார்.

வண்டி பாஸ். ஆனால் டிரைவராகிய அவரைப் பாஸ் போடுவது யார்? அதற்கும் அவரே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டார். பின்சீட்டில் கம்பெனிக் கட்டுத்துணியை விரித்து, அதன்மேல் ஒரு சொம்பில் விளிம்பு வரை தண்ணீர். தினமும் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் திரும்ப வேண்டும். துணி நனைந்தால் டிரைவர் ரிஜெக்ட். முதல் நாள் துணியைப் பிழிந்து காயப்போட்டார். மூன்றாம் நாள் ஓரம் மட்டும் ஈரம். அந்தச் சின்னக் கார் மேடுபள்ளங்களைத் தானே விழுங்கிக்கொள்ள, குற்றம் பிரேக்கை அழுத்தும் தன் காலில்தான் என்று கண்டுபிடித்தார். தண்ணீருக்கு ஊர் சுற்றிக்காட்டுகிறார் என்று தெருவே சிரித்தது. எட்டாம் நாள் துணி மொடமொடவென்று காய்ந்திருந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனார்.

சொம்புத் தண்ணீர்ப் பரீட்சையைக் கேட்டு, துணியையும் பார்த்தார், வாசலில் நின்ற வண்டியையும் பார்த்தார் ஜெய்னுலாப்தீன். லேசில் மசிகிற ஆளா அவர்?

"நானும் கூட வாரேன் சம்பந்தி. வழியில புள்ள ஒருக்கா முகம் சுளிச்சாலும் வண்டிய அங்கேயே திருப்பிரணும்," என்றார்.

ஊரையே செக் பண்ணியவருக்கு ஒரு செக்கர் வந்து வாய்த்தார். அவர் முன்சீட்டில் உட்கார்ந்து பின்பக்கமே கழுத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார். ஹஃப்ஸா முதுகுக்குத் தலையணை வைத்து, பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே தழைத்துப் போட்டுச் சாய்ந்தாள். பத்து நாளாகத் தூக்கமே இல்லை, இடுப்பு விட்டுப்போகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஹபீப் ரகுமான் வேகத்தைக் குறைத்தார். முதல் வேகத்தடை வந்தது, போனது. பின்னால் சத்தமே இல்லை. இரண்டாவது தடையைத் தாண்டிக் கண்ணாடியில் பார்த்தார். மகள் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள்.

ராஜபாளையம் வந்தது. தெரு முனை வந்தது. வாசலில் சௌதா நிற்பதுகூடத் தெரிந்தது. ஹபீப் ரகுமான் திருப்பவில்லை. நேரே ஆலங்குளம் ரோட்டில் விட்டார். ஜெய்னுலாப்தீன் வாயெடுக்குமுன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். நிறுத்தினால் விழித்துக்கொள்வாளே. சம்பந்திக்கு விஷயம் புரிந்தது. சிமெண்ட் ஆலை வரை போய், பதமாக வளைத்துத் திரும்பினார்கள். ஏசிக் குளுமையில் சம்பந்திக்கும் தலை தொங்கிவிட்டது.

அப்போது போன் வந்து, வண்டி ஸ்பீக்கரில் சௌதா பேசினாள். பதறிப்போய்ச் சத்தத்தைக் குறைத்தார். வாசலில் நிற்கிறவளைப் பார்க்காததுபோல் எங்கே போனீர்கள், சோறு ஆறிப்போய்க் கிடக்கிறது என்று அவள் படபடத்தாள்.

"புள்ள தூங்குறா சௌதா. பத்து நாளாத் தூங்காத புள்ள," என்று கிசுகிசுத்தார்.

சௌதாவின் படபடப்பு அடங்கியது. பிறகு, "வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

கண்ணாடியில் பார்த்தார். வயிற்றின்மேல் கையை வைத்தபடி, சின்ன வயதில் தூங்கிய அதே முகத்தோடு மகள் தூங்கினாள். சந்தோஷம் தாங்கவில்லை மனிதருக்கு.

"நல்லாயிருக்கு," என்றார்.

சௌதாவின் குரல் மெதுவாக வந்தது.

"இன்னொருக்கா சொல்லுங்க."

ஹபீப் ரகுமானுக்குக் கூச்சம். சம்பந்தியை ஓரக்கண்ணால் பார்த்தார். ஜெய்னுலாப்தீன் கண்ணைத் திறக்கவில்லை.

"சம்பந்தியம்மா கேக்காங்கல்ல, சொல்லுங்க சம்பந்தி. நான் தூங்கிக்கிட்டுத்தான் இருக்கேன். புள்ள முழிக்கட்டும், பொறவு வீட்டுக்குப் போவோம்."

ஹபீப் ரகுமான் இன்னொரு தடவை சொன்னார்.