வெள்ளை உடைக்காரனை நம்பி...

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் மகள் டிவியில் எதையோ தேடிப் பிடித்தாள். "ம்மா, சின்ன வயசுல பார்த்தேன்னு ஓயாம சொல்வீங்களே... அந்த வாள் சண்டை நாடகம் இதுவா?"

அதேதான்! சிங்கப்பூர் சேனலில் வந்த சீன நாடகம்.

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் மாசாயில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். ஏரியலைக் கடல் பக்கம் திருப்பினால் சிங்கப்பூர் கிடைக்கும். பேசுவது சீனம். ஒரு வார்த்தை புரியாது. கீழே ஓடும் எழுத்தோ எங்கள் பெட்டியில் எறும்பு வரிசை மாதிரி தெரியும். அதனால் என்ன? கதையை நானே முடிவு செய்துகொண்டேன்.

வெள்ளை உடைக்காரன் கதாநாயகன். எப்போதும் கத்துவான். எதிரே வருகிறவனெல்லாம் குனிந்து கும்பிடுவான். நியாயம் தன் பக்கம் இல்லாமல் ஒருவன் இவ்வளவு கோபப்படுவானா? கறுப்பு உடைக்காரன் திருடன். கூரை மேல் ஒளிந்து ஓடுகிறவன் வேறு என்னவாக இருப்பான்?

பள்ளி விட்டு வந்ததும் அதையே விளையாடுவோம். நான் வெள்ளை. என் தம்பி சேகர் கறுப்பு. மோப் கம்புதான் வாள். எப்போதும் வெள்ளைதான் ஜெயிக்க வேண்டும் — இது என் சட்டம். மீறினால் அடி விழும். நிஜமான அடி.

இப்போது கீழே மலாய் மொழி வரிகளோடு பளிச்சென்று ஓடுகிறது நாடகம். முதல் பாகத்திலேயே வெள்ளை உடைக்காரன் தன் குருவுக்கு விஷம் வைக்கிறான். அவருடைய வாள் பயிற்சிப் பள்ளியைப் பிடுங்கிக்கொள்கிறான். கறுப்பு உடைக்காரன் செத்துப்போன குருவின் மகன். கூரை மேல் ஓடுவது ஆதாரம் தேடி! வெள்ளையைப் பார்த்து ஒரு பெண் எப்போதும் அழுவாள். காதல் என்று நினைத்திருந்தேன். அவன் அவளைப் பூட்டி வைத்திருக்கிறான்!

மூன்று பாகம் பார்த்தேன், எங்கேயாவது திருந்துவான் என்று. சனியன், போகப் போக மோசமாகிறான்.

பத்திரிகையில் நான் எழுதும் இதே பத்தியில் முன்பு என்ன எழுதினேன்? 'இந்தக் காலத் தொடர்களில் யார் நல்லவன், யார் கெட்டவன் என்றே தெரியவில்லை. நாங்கள் டிவி பார்த்தே நியாயம் கற்றோம்.' நீங்களும் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். தயவுசெய்து அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

கூலாயில் இருக்கும் சேகரைப் போனில் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு. முப்பது வருடமாக என்னைச் சகித்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரரிடம்கூடக் கேட்டதில்லை. அதனால் சுற்றி வளைத்தேன்.

"டேய், அந்த வாள் சண்டை நாடகத்துல வெள்ளை உடைக்காரன்தான்டா கெட்டவன்."

"தெரியும் க்கா."

"எப்படி?"

"அப்பவே தெரியும் லா. பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் முழுக் கதையும் சொன்னாரு."

"அலமாக்! என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னேனே. கறுப்புதான் ஹீரோன்னு வந்து சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"நீ எங்க சொன்ன? பொய் சொல்றேன்னு இன்னும் ரெண்டு போட்ட."

எனக்கு ஞாபகமே இல்லை. அடித்தவளுக்கு எப்படி இருக்கும்? ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

"மன்னிச்சிருடா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழுகிறானோ என்று பயந்துவிட்டேன்.

"இரு க்கா, ஸ்பீக்கர்ல போடுறேன். இன்னொரு தடவை சொல்லு. நான் சொன்னா இங்க யாரும் நம்ப மாட்டாங்க!"

சொன்னேன்... கத்தித்தான் சொன்னேன்.