முனிக்கரட்டுக் கல்படுக்கையும் ஒரு கிடாயும்

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முனிக்கரட்டுக்குப் போய்வந்தேன். பெருந்துறைக்குத் தெற்கே, காட்டுக்கு நடுவே நிற்கும் சின்னப் பாறைக் குன்று அது. பீளமேட்டில் என்னோடு கல்லூரியில் படித்த சரஸ்வதி அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள். "நாளைக்கு எங்கூர்ல கெடாவெட்டு. திங்கக்கெழம கல்படுக்கை மேல கிரானைட் ஒட்டப்போறாங்க. பாக்கோணும்னா நாளைக்கே வந்துரு" என்று முந்தின நாள் போன் செய்தாள். நாலு வருடமாக வருகிறேன், வருகிறேன் என்று போக்குக் காட்டியவள் நான். இனி தப்பிக்க வழியில்லை.

சிங்காநல்லூரில் காலை ஆறு மணிக்கு ஈரோடு பேருந்து. பெருந்துறைக்கு இரண்டு மணி நேரம், எழுபது ரூபாய். அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஆட்டோ முந்நூறு கேட்டது. பேரம் பேசிப் பார்த்தேன், பலிக்கவில்லை.

"ஏனுங்க, கெடா விருந்துக்குங்களா?" என்றார் ஓட்டுநர்.

"இல்லைங்க, பாறையைப் பாக்க."

"பாறை எங்கயும் போகாதுங்க. விருந்து ரெண்டு மணிக்கு முடிஞ்சுரும்."

கரட்டின் பாதி உயரத்தில் துருத்தி நிற்கும் பாறைக்கு அடியில்தான் அந்தத் துறவிக் குடில். ஒரு காலத்தில் சமண முனிவர்கள் தங்கிய இடம். பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள்; மழைநீர் உள்ளே வராமல் அதன் வழியே பக்கத்தில் வடிந்துவிடும். உள்ளே மூன்று கல்படுக்கைகள், தலைமாட்டில் தலையணை போலக் கல் மேடு. பின்சுவரில் முக்குடையின் கீழே அமர்ந்த தீர்த்தங்கரர். முன்னால் நான்கு தூண் மண்டபம், பிற்பாடு கட்டியது. தூண்கள் கீழும் மேலும் சதுரம், இடையில் எட்டுப்பட்டை. கல்வெட்டு இல்லாததால் வயதை யாரும் அடித்துச் சொல்வதில்லை. படுக்கையில் உள்ளங்கையை வைத்தேன். மாசி வெயிலிலும் சில்லென்றிருந்தது. நாளை இது மூடிப்போகும் என்று நினைத்தபோது அழுகை வந்தது, மறைப்பானேன்.

ஊர்க்காரர்களுக்கு அந்தத் தீர்த்தங்கரர்தான் முனிச்சாமி. பொங்கலும் பழமும்தான் படையல். ஆனால் எதிரே வேப்பமரத்தடியில் காவலுக்கு நிற்கும் கருப்பணசாமிக்குக் கிடாய் வேண்டும். எறும்பைக்கூட மிதிக்காத முனி அதைப் பார்க்கலாகாது என்று வெட்டும் நேரத்தில் மண்டபத்தை மறைத்துத் திரை பிடிப்பார்கள். ஒரு முனை தூணில் கட்டியிருக்கும். மறுமுனையைக் கையில் பிடிப்பது சரஸ்வதி வீட்டாரின் உரிமை. திரையைத் தாண்டி உள்ளே போகும் உயிர் முனியின் அடைக்கலம், யாரும் தொடக்கூடாது என்பதும் வழக்கம். அப்படி நடந்து யாரும் பார்த்ததில்லையாம்.

கிரானைட் போடுவது அவளுடைய கணவரின் அண்ணன் சுப்பிரமணியம். கெட்ட எண்ணமில்லை. "பாறை இடுக்குல பூரான் வருதுங்க. சாமி எடம் சுத்தமா இருக்கோணுமல்ல" என்றார் என்னிடம். சரஸ்வதி கெஞ்சியும் அவர் மசியவில்லை. அன்றைய கிடாயும் அவருடையதே. மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனதற்கு நேர்ந்துகொண்டது.

திரை பிடித்தாயிற்று; மறுமுனை சரஸ்வதியின் கையில். கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அது உடம்பைச் சிலிர்த்தால்தான் சாமி உத்தரவு, அதன் பிறகே வெட்டலாம். கிடாய் சிலிர்க்கவில்லை. மறுபடி தெளித்தார்கள். காதில் ஊற்றினார்கள். அது மாலையைத் தின்றுகொண்டிருந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது, சரஸ்வதி பிடித்த முனை தாழ்ந்தது. திரை சரிந்தது.

கிடாய் உள்ளே எட்டிப் பார்த்தது. கயிற்றை உதறிக்கொண்டு நேராகப் போய் நடுப்படுக்கையில் ஏறிப் படுத்துக்கொண்டது. வெயிலில் நின்ற ஆடு குளிர்ந்த கல்லைத் தேடியது என்று நீங்கள் சொல்லலாம். அங்கே யாரும் சொல்லவில்லை.

எல்லோரும் சுப்பிரமணியத்தைப் பார்த்தார்கள்.

"கை வலிச்சுருச்சுங்க மாமா" என்றாள் சரஸ்வதி.

அவர் மண்டபத்து வாசல்வரை போய்க் கிடாயைப் பார்த்தார். "செரி விடு அம்மணி. முனிகிட்டப் போனதை இழுத்து வெட்டிப்போட்டு எம்பேத்தி மூஞ்சியில எப்படி முழிப்பேன்? இனி அது அவரு ஆடு."

"நாளைக்குக் கிரானைட்டுங்க?" என்றாள் அவள்.

"அது படுத்த எடத்தை மூடறதுக்கு நான் ஆரு? சமையக்கொட்டாய்க்குப் போட்டுக்கலாம்."

கருப்பணசாமிக்கு வேறொருவர் கிடாய் கொடுத்தார். விருந்தில் நானும் ஒரு பிடி பிடித்தேன்; ஞாயிற்றுக்கிழமைக் கறியை விடுகிற அளவுக்கு நான் முனி அல்ல. கை கழுவும்போது சரஸ்வதியிடம் கேட்டேன், நிஜமாகவே வலித்ததா என்று.

"வலிச்சுது. ஆனா நெனச்சிருந்தா இன்னுங் கொஞ்ச நேரம் புடிச்சிருக்கலாம்" என்றாள்.

போக நினைப்பவர்களுக்கு: காலை பத்து மணிக்குள் ஏறிவிடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே கடை இல்லை. திரும்ப ஆட்டோ கிடைக்காது, வந்த வண்டியையே நிற்கச் சொல்லுங்கள். சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் சிற்பத்தில் பூசாதீர்கள். நடுப்படுக்கையில் கழுத்தில் மணி கட்டிய கிடாய் ஒன்று படுத்திருக்கும். படம் சரியாக விழவில்லை என்று தயவுசெய்து அதை எழுப்பாதீர்கள். அது படுத்திருக்கும்வரைதான் உங்களுக்கும் எனக்கும் அந்தக் கல்.