ராஜா இல்லாத கஷாயம்

"…ராஜா இல்லாம மந்திரி என்னத்த ஆளுவான்? சொல்லு, மா செல்வி!"

காலை ஒன்பது மணி. யாங்கூனில் சீனக் கடைகள் நெருக்கியடிக்கும் லத்தா பகுதியில், ஒரு மூலிகைக் கடை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இந்தக் குரல் என்னை வரவேற்றது. இன்சீனில் ஏழு மணிக்கு, நகரைச் சுற்றி ஓடும் வட்ட ரயில் ஏறி, க்யிம்யிண்டைங் தாண்டி லான்மடோவில் இறங்கி, கால் மணி நேரம் நடந்து வந்திருந்தேன். வழியில் ஒரு கிண்ணம் மொஹிங்கா, அதாவது மீன் குழம்பில் மிதக்கும் அரிசி நூடுல்ஸ், மூவாயிரம் கியாட். எதிரே அமர்ந்து உறிஞ்சிய உள்ளூர்த் தமிழர், "இது வயித்துக்கு இல்ல அண்ணே, நடைக்கு" என்றார். அந்தப் பேச்சுக்கே கொடுத்த காசு தகும்.

குரலுக்கு உரியவர் ஊ சான் லின், சீன வம்சாவளி வைத்தியர். பக்கத்துத் தெருத் தமிழர்களோடு பந்தாடி வளர்ந்ததால் தமிழ் சரளம். செல்வி அவருடைய மருமகள். இங்கேயே பிறந்த தமிழ்ப் பெண், கணித ஆசிரியை. என்னை அழைத்தவளும் அவள்தான். 'மா' என்பது பர்மியர் பெண்கள் பெயருக்கு முன்னால் சேர்க்கும் மரியாதைச் சொல். மாமனார் அதைக் கோபம் வந்தால் மட்டுமே சேர்ப்பாராம்.

"காலையிலேர்ந்து மரியாதை தாங்கல அண்ணே" என்று செல்வி கண்ணைச் சிமிட்டினாள்.

சண்டை இதுதான். சீன மருந்தில் ஒவ்வொரு கஷாயமும் ஓர் அரசாங்கம். நோயோடு மோத ஒரு ராஜா, கைகொடுக்க மந்திரிகள், அவர்கள் எல்லை மீறாமல் அடக்க உதவியாளர், எல்லோரையும் உரிய இடத்துக்குக் கூட்டிப்போக ஒரு தூதன். இந்தக் கடையின் இருமல் கஷாயத்துக்கு ராஜா, பெய்மூ என்கிற மலைக் கிழங்கு. சீன எல்லைச் சாலை அடைபட்டதில் அந்த இழுப்பறை மாதக்கணக்கில் காலி. இருமிக்கொண்டு வருகிறவர்களை மாமனார் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

செல்வி மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு சரக்கும் எவ்வளவு குளிர்ச்சி, எவ்வளவு சளி கரைக்கும், எதனோடு ஒரே பானையில் விழக்கூடாது என்று எல்லாவற்றையும் எண்களாக்கி வைத்திருந்தாள். ராஜாவின் வேலை நடக்க வேண்டும், ராஜா கூடாது. பகையாளிகள் சேரக் கூடாது. எதுவும் அளவு மிஞ்சக் கூடாது. இத்தனை நிபந்தனைக்கும் தலையாட்டும் ஒரு கலவையைக் கணக்கு தேடிப் பிடித்திருந்தது. மூன்று மந்திரிகள் சிறு சிறு பங்காக அரசனின் வேலையைச் செய்ய, தூதனாக வந்தது அதிமதுரம்.

அதிமதுரம்! கும்பகோணத்தில் எங்கள் தெரு நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டுகிற அதே வேர். கூரை வரை அடுக்கிய இழுப்பறைகளை அண்ணாந்து பார்த்தேன். ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் ஓசையில்லாமல் பேசிக்கொண்டிருந்தது போலிருந்தது. கூட்டல் கழித்தலுக்கு மேல் அறியாத எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"ராவெல்லாம் பாத்தேன். குத்தம் ஒண்ணும் அகப்படல. அதான் பயமா இருக்கு" என்றார் பெரியவர்.

அடுப்பில் கஷாயம் கொதித்து இறங்கியது. இந்தக் கடையில் ஒரு வழக்கம்: புது மருந்தின் முதல் கிண்ணத்தை, அதை ஆக்கியவர் தெருவே பார்க்க வாசலில் நின்று குடிக்க வேண்டும். யார் குடிக்கிறாரோ, மருந்து அவருடைய பொறுப்பு. அதற்குப் பிறகே நோயாளிக்கு. செல்விக்கோ இது ஐந்தாம் மாதம். மந்திரிகளில் ஒன்று கருவுக்கு ஆகாது என்று அவள் கணக்கே சிவப்புப் புள்ளி வைத்திருந்தது.

"நான் குடிக்கட்டுமா?" என்றேன்.

"நீங்களா ஆக்கினீங்க? விருந்தாளி டீ குடிங்க" என்று குடுவையை என் பக்கம் தள்ளினார்.

பெஞ்சில், தன்லியின் என்ற ஊருக்கு பஸ் ஓட்டும் தமிழர் ஒருவர் இருமிக்கொண்டே, "யாராச்சும் குடிங்கப்பா, வண்டி நிக்குது" என்றார்.

செல்வி என்னிடம் குரல் தாழ்த்தினாள். "ரெண்டு வருஷ உழைப்பு அண்ணே. புள்ள பொறக்கட்டும்னு தள்ளிட்டார்னா, அதுவரைக்கும் இவங்கள்லாம் இருமிக்கிட்டே போகணும்."

ஊ சான் லின் கிண்ணத்தை முகர்ந்தார். காலி இழுப்பறையை ஒருமுறை பார்த்தார்.

"கணக்கு சரிதானே, செல்வி?"

"சரிதான் மாமா."

லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு, கிண்ணத்தோடு வாசலுக்குப் போய், தெருவைப் பார்த்து நின்று, மண்டி வரை குடித்தார்.