முன்வாசலில் நின்றவள்

ரஹ்மத்தின் தம்பி சலீம் போன் செய்தபோது நான் கீழ்பென்னாத்தூரில் எங்கள் கல்லூரி அறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "தேவிக்கா, ஆபா போயிட்டாங்க. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கறோம். சீக்கிரம் வந்துடுங்க" என்றான். ஆபா என்று அவன் சொன்னது தன் அக்காளை. கையிலிருந்த தாளை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். மறுநாள் பார்த்தபோது அதில் தவறான விடைக்கெல்லாம் முழு மதிப்பெண் போட்டிருந்தேன்.

அன்று பௌர்ணமி. பேருந்தைத் திருவண்ணாமலைக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கிரிவலத்துக்கு வந்த கூட்டம் முழுவதும் ஒரு பக்கம் போக, நான் எதிர்ப்பக்கமாக இடித்துக்கொண்டு நடந்து அவள் வீட்டை அடைந்தேன். உள்ளே பெண்கள் கூடத்தில் நம் வகுப்புத் தோழிகள் நான்கைந்து பேர் இருந்தார்கள். மாலதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம்டி. அவ்ளோ தூரம் போயும் படிப்ப முடிக்க முடியாம திரும்பி வந்தா. அதுலயே பாதி உடஞ்சு போயிட்டா" என்றாள். பக்கத்திலிருந்த இன்னொருத்தி, "போன எடத்துல யூனியன் கீனியன்னு அலையாம இருந்திருக்கலாம். இதோ, தேவி அடக்கமா இருந்து பட்டத்தோட வரலையா?" என்றாள்.

நான் எதுவும் சொல்லவில்லை. பதினாறு ஆண்டுகளாகச் சொல்லவில்லை. நம் பழைய மாணவியர் மலருக்கு ரஹ்மத்தைப் பற்றி எழுதும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன். ஆனால் அவள் பாவம் இல்லை. படிப்பை முடிக்க முடியாமல் அவள் திரும்பவில்லை. அங்கே நடந்ததை நேரில் பார்த்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான்.

நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில், ஒரே பல்கலைக்கழகத்துக்கு, இரண்டாண்டு முதுகலைப் படிப்புக்காக இங்கிலாந்துக்குப் போனோம். வடக்கே மழை ஓயாத ஒரு நகரம். போன முதல் வாரமே சொல்லிவிட்டார்கள்: வெளிநாட்டு மாணவர்கள் ஒவ்வொரு புதன்கிழமை காலையும் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வந்து அலுவலக ஜன்னலில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நாட்டு மாணவர்களுக்கு அது கிடையாது. தொடர்ந்து மூன்று புதன்கிழமை தவறினால் குடியேற்றத் துறைக்குக் கடிதம் போகும், விசா ரத்தாகும். முதல் புதன்கிழமை வரிசையில் நின்றபோது ரஹ்மத் என் காதருகே வந்து, "ஏய், நம்ம டவுன் ஸ்டேஷன்ல கண்டிஷன் பெயில்ல வந்தவனுங்க இப்படித்தான்டி வந்து கையெழுத்துப் போடுவானுங்க. நாம எந்தக் கேசுல மாட்டினோம்?" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மாணவர் சங்கத்துக்குப் போய்க் கேட்டாள். அதன் தலைவன் டேனியல் நல்ல பையன், எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான். "இது வெறும் நடைமுறைதானே" என்றான். "அப்ப நீயும் வந்து போடு" என்றாள் ரஹ்மத். அந்த ஆண்டு வெளிநாட்டு மாணவர் பிரதிநிதிப் பதவிக்கு அவள் வேட்புமனு கொடுத்தது அந்தப் பேச்சுக்குப் பிறகுதான்.

தேர்தலில் நாங்கள் செய்த கூத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. மனு கொடுத்ததும் அவள் டேனியலிடம் கேட்ட முதல் கேள்வி, "என் சின்னம் என்ன?" அவனுக்குப் புரியவில்லை. சின்னம் இல்லாமல் எப்படி ஓட்டுக் கேட்பது என்று எங்களுக்குப் புரியவில்லை. அந்த ஊர் மழைக்குப் பொருத்தமாக நாங்களே குடைச் சின்னம் ஒதுக்கிக்கொண்டோம். விடுதியில் ஒவ்வொரு தளத்துச் சமையலறைக்கும் போய், "மறக்காதீங்க, குடை" என்று சொல்லி வந்தோம். வாக்களிப்பு கணினியில். அதில் பெயர்கள் மட்டும்தான் இருந்தன. நைஜீரியாக்காரர் ஒருவர் ஓடி வந்து, "குடையைக் காணோமே, உன்னை நீக்கிவிட்டார்களா?" என்று கேட்டார். மீண்டும் எல்லாச் சமையலறைக்கும் ஓடினோம். கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில்தான் ஜெயித்தாள்.

சங்கத்தின் முதல் கூட்டத்தில், புதன்கிழமை முறையை எதிர்த்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி ஒரே மனுவாகக் கொடுக்கலாம் என்றான் டேனியல். ரஹ்மத் ஒப்புக்கொள்ளவில்லை. நம் ஊரில் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசைப் பார்த்து வளர்ந்தவள் அவள். "முன்னூறு பேர் கையெழுத்துப் போட்டாலும் ஒரு மனு ஒரு காகிதம்தான். மேசை டிராயர்ல போட்டு மூடிடலாம். ஆளுக்கு ஒரு மனு, ஆளுக்கு ஒரு ரசீது. அப்பதான் அவங்களுக்குக் கை வலிக்கும்" என்றாள். இதை அவள் ஆங்கிலத்தில் அவர்களிடம் விளக்கியபோது, கை வலிப்பது எதற்கு என்று டேனியல் குழம்பினான்.

அதற்கடுத்த திங்கட்கிழமை வரிசை அலுவலகக் கதவைத் தாண்டிப் புல்வெளி வரை நின்றது. ஒவ்வொருவர் கையிலும் அவரவர் கைப்பட எழுதிய மனு. ஜன்னலில் இருந்த அம்மாள் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டாக வைத்துவிட்டுப் போகச் சொன்னார். "முடியாது மேடம். ஒவ்வொன்றையும் வாங்கி, நகலில் தேதி முத்திரை போட்டுத் திருப்பிக் கொடுங்கள்" என்றாள் ரஹ்மத். அந்த அலுவலகத்தில் முத்திரையே இல்லை. கடைசியில் யாரோ நூலகத்துக்கு ஓடிப்போய், புத்தகம் திருப்பித் தரவேண்டிய தேதியைக் குத்தும் முத்திரையை எடுத்து வந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் அந்த அம்மாள் குத்திக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. பரிசீலிக்கிறோம், அதுவரை பழைய முறை தொடரும். ரஹ்மத் அதைக் கூட்டத்தில் படித்துவிட்டு மடித்து வைத்தாள். "இனிமேல் புதன்கிழமை வருவோம். ஆனால் கையெழுத்துப் போட மாட்டோம். முன்வாசலில் நிற்போம்" என்றாள். முதல் புதன்கிழமை பெரிய கூட்டம். இரண்டாவது புதன்கிழமை பாதிகூட இல்லை. மூன்றாவதில் அவளோடு சேர்த்து ஒன்பது பேர். நான் அந்த ஒன்பதில் இல்லை.

இதுவரை யாரிடமும் சொல்லாதது இதுதான். முதல் இரண்டு வாரமும் அவளோடு நின்றேன். மூன்றாவது வாரம் பயம் வந்துவிட்டது. நாளெல்லாம் வயலில் குனிந்து நின்ற என் அப்பாவின் முகம் கண்ணில் வந்தது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் முகம்தான் வந்தது, பெட்டியோடு ஊரில் வந்து இறங்கும் என் முகம். கட்டடத்தின் பின்பக்கம் ஒரு டீக்கடை உண்டு. அதன் சமையலறை வழியாகப் படியேறினால் அலுவலகத்துக்குள் போகலாம். போனேன். கையெழுத்துப் போட்டேன். அதே வழியில் இறங்கினேன். கீழே ரஹ்மத் நின்றுகொண்டிருந்தாள்.

"போட்டுட்டியா?" என்றாள்.

தலையாட்டினேன்.

"போட்டது தப்புன்னு சொல்ல மாட்டேன்டி. உன் விசா, உன் பயம். ஆனா பின்பக்கமா போன பாரு, அதான் தப்பு. முன்வாசல் வழியா வந்திருந்தா நானே வழி விட்டிருப்பேன். நீ அவங்களுக்குப் பயந்த, சரி. என்கிட்ட ஏன்டி ஒளிஞ்ச?"



அன்று மாலையே பல்கலைக்கழகத்தின் பெரிய அதிகாரி அவளைக் கூப்பிட்டார். டேனியலும் உடன் போனான், பிறகு அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விட்டுப்போன மூன்று வாரத்துக்கும் இப்போதே கையெழுத்துப் போட்டால் கடிதம் போகாது, அடுத்த ஆண்டு இந்த முறையையே மாற்றிவிடுவோம் என்றார் அவர். "மத்த எட்டு பேருக்கும் சேர்த்தா?" என்று கேட்டிருக்கிறாள். ஆமாம் என்றார். ரஹ்மத் வெளியே வந்து எட்டுப் பேரையும் உள்ளே அனுப்பினாள். அவர்களில் ஒரு சீனப் பெண் போக மாட்டேன் என்று அழுதாள். "நான்தான் உன்னை நிற்கச் சொன்னேன். இப்போது நான்தான் போகச் சொல்கிறேன். என்னை நம்பி நின்றவர்கள் யாரும் ஊருக்குத் திரும்பக் கூடாது" என்று அவள் தோளில் கைபோட்டு ஜன்னல்வரை கூட்டிக்கொண்டு போனாள். எட்டுப் பேரும் போட்டார்கள். பேனாவை அவளிடம் நீட்டியபோது, "நான் ஓட்டு வாங்கினது இதுல கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லித்தான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அவளைப் பற்றி மட்டும் கடிதம் போனது. அவள் ஊருக்குத் திரும்பியது இப்படித்தான்.

அடுத்த ஆண்டு அந்த ஜன்னல் மூடப்பட்டது. வருகைப் பதிவு வகுப்பிலேயே, எல்லா நாட்டு மாணவர்களுக்கும் ஒன்றுபோல எடுக்கப்பட்டது. இரண்டாம் ஆண்டு முழுவதும் நான் ஒரு புதன்கிழமைகூட அந்த வரிசையில் நிற்கவில்லை. என் பட்டத்தில் அந்த ஓராண்டு அவள் தந்தது. என் அறை வாசலில் பெயருக்குப் பின்னால் அந்தப் பட்டத்தை எழுதி மாட்டியிருக்கிறார்கள்.

திருவண்ணாமலைக்கு வந்த பிறகு அவள் மூலையில் உட்காரவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுக்கும் கடை வைத்தாள். உங்களில் பலர் பிள்ளைகளை அங்கே அனுப்பியிருப்பீர்கள். "போய் எறங்கின முதல் வாரமே மாணவர் சங்கம் எங்க இருக்குன்னு பாத்து வை. இட்லி மாவு எங்க கெடைக்கும்னு அப்புறம் தேடிக்கலாம்" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்வாள். ஒருமுறை ஒரு அப்பா, "ஏம்மா, நீயே அதுல மாட்டித்தான திரும்பி வந்த?" என்று கேட்டார். "ஆமாண்ணா. அதனாலதான் அந்த ஆபீசுக்கு வழி நல்லா தெரியும்" என்றாள். அவருடைய மகள் இப்போது வேறொரு நாட்டில் தன் பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் துணைத் தலைவி.

என்னுடைய பங்கை நான் மறைத்ததுபோல அவளும் எனக்காக மறைத்தாள். நான் பின்பக்கம் போனதை இந்த ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. எனக்கு வேலை கிடைத்தபோது முதல் ஆளாக வந்து இனிப்பு கேட்டாள். அதை வைத்து அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் வேலூரில் அவளுக்கு டயாலிசிஸ் நடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எப்படியோ துணிவு வந்து கேட்டேன். "அந்தப் புதன்கிழமைய மறந்துட்டியாடி?"

"எதுக்கு மறக்கணும்?"

"என்னை மன்னிச்சிட்டியான்னு கேக்கறேன்."

"இல்ல" என்றாள். முகத்தில் கோபம் இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "நீ என் ஃபிரண்டு. அது ஒரு கணக்கு. இது வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத. அந்தப் போர்வைய இழுத்து வுடு, குளுருது."

இழுத்து விட்டேன்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த 'இல்ல' ஒன்றுதான். போட்டோவும் புத்தகமும் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். அவள் மன்னித்திருந்தால், நான் இன்னும் வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பேன்.