மிச்சமிருந்த ஒரு தாய் ஈ

பழ ஈ பிடிக்கிற பிழைப்பில் உட்கார நேரமே கிடையாது. காலையில் பிறந்த பெண் ஈ சாயங்காலத்துக்குள் ஜோடி சேர்ந்துவிடும் என்பது, இதில் மாட்டிக்கொண்ட சக பாவிகளான உங்களுக்குத் தெரியாததா?

பழம் கட்டியது

பிளஸ் டூ முடித்த விடுமுறையில், ஈ ஆராய்ச்சிக்காகப் பழவேற்காடு வந்த செல்வி அக்காவிடம் சேர்ந்தேன். டச்சுக் கல்லறை மரங்களில் அழுகின வாழைப்பழ பாட்டில் கட்டும் வேலை. காவல்காரர் மூக்கைப் பொத்தினார். யார் பேசினாலும் அவர்கள் குரலிலேயே திருப்பிப் பேசுவது என் பழக்கம். அவர் குரலிலேயே, "இன்னா நாத்தம் இது!" என்றேன். அவர் சொன்னார்: "மொதல்ல என் தொண்டைய என்னாண்ட குடுத்துட்டு, அப்பால பழத்த கட்டு."

எக்ஸ்

கையால் இறால் பிடிக்கிற கன்னியம்மா அத்தைக்கு, செல்வி அக்கா குரலில் பாடம் எடுத்தேன். "நாம பிடிக்கிற இந்த ரெண்டு ஈ இனமும் ஒரே வம்சம். ஆனா உள்ளே இருக்கிற குரோமோசோம் எல்லாம் ஒரே வேகத்தில் மாறலை. எக்ஸ்ங்கிற குரோமோசோம் வேகமா மாறுது. அந்த வேகமும் இனத்துக்கு இனம் வேற. பெண்ணுக்கு எக்ஸ் ரெண்டு, ஒண்ணில் வந்த மாற்றத்தை இன்னொண்ணு மறைச்சிடும். ஆணுக்கு ஒண்ணுதான், மறைக்கவே முடியாது."

அத்தை யோசித்தாள். "எங்க வூட்டு ஆம்பளைக்கு எத்தினி கீதோ, குடிச்சத நல்லா மறைக்கிறானே!"

ஊதியது

ஏரி ஈரத்தில் ஈக்கு ஊற்றிய வெல்லக் கஞ்சி பூஞ்சை பிடித்து, இரண்டாவது இனத்தில் ஒரே தாய் ஈ மிஞ்சியது. அதுவும் போனால் ஒப்பிட எதுவும் இல்லை. அக்காவின் மூன்று மாத உழைப்பு காலி. புது பாட்டிலுக்கு மாற்ற, ஈ உறிஞ்சும் குழாயை வாயில் கடித்து, அந்த ஈயைக் குழாய்க்குள் உறிஞ்சினேன். அந்த நேரம் பார்த்து அக்காவின் பேராசிரியர் ஸ்பீக்கர் போனில் இருமினார். நானும் அவரைப் போலவே இருமினேன். ஈ குழாயிலிருந்து பறந்து ஜன்னல் வழியே போய்விட்டது.

அக்கா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். வாசலில் நின்ற கன்னியம்மா அத்தை, "நாங்க கூடைய பல்லுல கடிச்சினு எறா புடிக்கிறோம். வாய தொறந்தா அன்னிக்கி கஞ்சி இல்ல. ஒனக்கு இன்னாடி இருமலு?" என்றாள்.

அன்றிலிருந்து நான் யார் குரலிலும் பேசவில்லை, என் குரலிலும். கல்லறைக்கும் அக்கா வீட்டுக்கும் அலைந்து பதினோரு பெண் ஈ பிடித்து, ஆளுக்கொரு பாட்டிலில் விட்டேன். இரண்டு இனத்திலும் பெண்கள் ஒரே ஜாடை. பிள்ளை பிறந்து, ஆண் பிள்ளையைப் பார்த்தால்தான் எந்த இனமென்று தெரியும். பன்னிரண்டு நாள் பாட்டில்களைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

பத்து பாட்டிலும் முதல் இனம். பதினோராவதில் பிறந்தவனை மயக்கி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்த அக்கா துள்ளி எழுந்தாள். நான் கத்தப் போனேன்.

"அவனேதான்டி! வாயத் தொறக்காத, பாட்டில் வாய இன்னும் பஞ்சு வச்சு அடைக்கல!"

நான் வாய் திறக்காத அந்தப் பன்னிரண்டு நாளும் எங்கள் வீட்டில் எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள் என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.