வெள்ளிக்கிழமை மட்டும் வராத துரை

எனக்குப் பூனையைக் கண்டால் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்கக்கூடாது. ஆனால் என் மச்சாள் வசந்தமலரைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டால் அந்தக் குண்டுப் பூனையை விட்டுவிட்டுச் சொல்லவும் முடியாது.

மச்சாள் என் அண்ணன் மகேந்திரராசாவின் மனைவி. நோர்வேயில், மோர்டென்ஸ்ருட் என்ற இடத்தில், எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். மச்சாளுக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை, மூன்று மணிக்கு வீடு திரும்புவார். நாற்பது பேருக்குச் சமைத்துவிட்டு வந்தவர் பேசாமல் காலை நீட்டிப் படுக்கலாம்தானே? மாட்டார். தபால்காரர் மணியடித்தாலும் பொரித்த ரோல்ஸ் ஒன்றையாவது கையில் திணித்துத்தான் அனுப்புவார். மகள் வர்சா படிக்கவென்று பேர்கன் நகரத்துக்குப் போய்விட்டாள். அண்ணன் பஸ் ஓட்டப் போய்விடுவார். திணிக்க ஆளில்லாமல் மனுசி தவித்துப்போனார்.

அப்போதுதான், போன ஒக்டோபரில், பின்பக்கக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே சாம்பல் நிறப் பூனை ஒன்று வந்து குந்தியது. கழுத்தில் பட்டி இல்லை.

“பாவம், ஆருமில்லாத சீவன்,” என்றார் மச்சாள்.

யாழ்ப்பாணத்தில் அப்படி வருகிற பூனைக்குச் சோறு வைத்தவர் வீடுதான் வீடு. இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். மீன் குழம்பில் ஒரு துண்டை எடுத்து, உறைப்புப் போகக் கழுவி, முள் எடுத்து, சோற்றில் பிசைந்து வைத்தார். அவ்வளவுதான்! அடுத்த நாள் அவர் வேலையால் வர முன்னமே அது வாசலில் நின்றது. துரை என்று பெயரும் வைத்தாயிற்று. சோபாவில் நல்ல மூலை துரைக்கு. இரவு ஒன்பது மணியானதும் சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே போய்விடும்.

வெள்ளிக்கிழமை மட்டும் வராது. அன்றைக்கு மச்சாள் வீட்டில் மீனும் இல்லை, முட்டையும் இல்லை, மரக்கறிதான்.

“கஜே, பாத்தியே? எங்கடை துரை வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிறார்!” என்று என்னிடம் சொன்னது போதாதென்று, லோறென்ஸ்கூக் ஊரில் நடந்த பிறந்தநாள் விழாவரை போய்ச் சொல்லிவிட்டார். பாதிப் பேர் நம்பினார்கள், அதுதான் கொடுமை.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை. குளிர் மைனஸ் பதினாறு. அடுத்த நாள் வர்சா வருகிறாள்.

“இந்தக் குளிருக்கை எங்கை போய்ப் படுக்கும்? இண்டைக்கு விடமாட்டன். நாளைக்குப் பிள்ளையும் பாக்கட்டும்,” என்று துரையை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டார்.

ஐயோ, வெள்ளிக்கிழமை பின்னேரம் அது போட்ட கூச்சல்! நான் செருப்பும் போடாமல் பனிக்குள்ளால் ஓடினேன். துரை திரைச்சீலையில் தொங்குகிறது. கீழே மச்சாள் பருப்பும் சோறுமாக நின்று கெஞ்சுகிறார்.

“உங்களுக்கென்ன விசரே மச்சாள்? திறந்து விடுங்கோ!”

“பத்து நிமிசம், கஜே! வர்சா வந்திடுவாள்!”

மணி அடித்தது. இரண்டு பேரும் விழுந்தடித்துப் போய்த் திறந்தோம். வர்சாதான். ஆனால் பக்கத்தில் அழுது கண் சிவந்த ஒரு நோர்வேப் பெண், கையில் ஒரு கட்டுக் காகிதம். காகிதத்தில் துரையின் படம்.

“அம்மா, இவ நோரா. எதிர் வரிசையிலை இருக்கிறா. இவவின்ரை பூனையை நேற்றையிலிருந்து காணேல்லையாம்.”

அந்த நேரம் பார்த்துத் துரை வாயை மூடிக்கொண்டது. ‘தெரியாது’ என்று ஒரு சொல் சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கலாம். நான் என்றால் சாத்தியிருப்பேன். மச்சாள் கதவை அகலத் திறந்தார்.

“இங்கேதான் இருக்கிறது,” என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார். “நான்தான் பூட்டி வைத்தேன். அதற்கு யாருமில்லை என்று நினைத்தேன்.”

“பம்சே!” என்று நோரா கத்த, துரை பாய்ந்து அவள் தோளில் ஏறியது. ஆறு வருடமாக அவளுடைய பூனையாம். தினமும் பிற்பகலில் உலாவப் போகுமாம், ஒன்பதுக்குத் திரும்பிவிடுமாம். வெள்ளிக்கிழமை மட்டும் வீட்டைவிட்டு அசையாதாம். அன்றைக்கு அவள் இறால் வாங்குவாளாம்.

இறால்! விரதக்காரரின் விசயம் வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பு வெடித்தது. மச்சாளின் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“பனியில் விறைத்துச் செத்துப் போனான் என்று நினைத்தேன்,” என்றாள் நோரா. பூனையோடு போய்விட்டாள்.

சனிக்கிழமை துரை வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. மச்சாள் எங்கள் எல்லாருக்கும் சமைத்துப் போட்டார், தான் ஒரு வாய் வைக்கவில்லை. கண்ணாடிக் கதவடியிலேயே இருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஞாயிறு பின்னேரம் நேரே போய் நோராவின் கதவைத் தட்டினேன்.

“பார், பிள்ளை,” என்றேன் எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில். “அவர் செய்தது பிழை. ஆனால் ஊருக்கெல்லாம் சாப்பாடு போடுகிற மனுசி இரண்டு நாளாய்ச் சாப்பிடாமல் இருக்கிறார். உன் பூனையால்!”

நோரா மச்சாளின் தொலைபேசி எண்ணைக் கேட்டாள்.

திங்கள் மூன்று மணிக்கு மச்சாளின் வீட்டிலிருந்து ஓர் அலறல். திருடனோ என்று நான் ஓடினேன். துரை கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றது! கழுத்தில் சிவப்புப் பட்டி, அதில் ஒரு சின்னத் தகடு. வர்சா குனிந்து வாசித்தாள். பூனையின் பெயருக்குக் கீழே இரண்டு எண்கள்.

“முதலாவது நோராவின்ரை, அம்மா. மற்றது உங்கடை.”

மச்சாள் தகட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே தெரியவில்லை. பிறகு கைபேசியை எடுத்து அந்த முதல் எண்ணுக்கு அடித்தார்.

“நோரா, பிள்ளை வந்துவிட்டான். நீயும் வா, சாப்பாடு இருக்கிறது.”

துரைக்கு மீனை முள் எடுத்து வைத்தார். நோராவுக்கு ஒரு தட்டு எடுத்து வைத்தார். பக்கத்தில், மூன்று நாளைக்குப் பிறகு, தனக்கும் ஒன்று வைத்தார்.